கையெழுத்திட்ட பிறகு ஒப்பந்தத்தை யார் பார்த்துக்கொள்வது?

கொழும்புப் புறக்கோட்டையில் உங்கள் தந்தையார் தொடங்கிய பொதியிடல் பொருள் இறக்குமதி வணிகத்தை இப்போது நீங்களும் சேர்ந்து நடத்துவதாகவும், உங்களிடம் பதினொரு பேர் வேலை செய்வதாகவும் எழுதியிருந்தீர்கள். ஒப்பந்தங்களைச் சட்டத்தரணி ஒருவர் முறையாக எழுதித் தந்துவிடும்போது, அதற்கு மேல் ஒப்பந்த முகாமைத்துவம் என்று தனியாக ஒரு வேலை எதற்கு, அது பெரிய கம்பனிகளுக்கு உரிய விடயம் அல்லவா என்பது உங்கள் கேள்வி. ஒவ்வொன்றையும் எழுத்தில் கேட்டால் பழைய வாடிக்கையாளர்கள் மனம் நோவார்கள் என்று தந்தையார் தயங்குவதையும் குறிப்பிட்டிருந்தீர்கள். கொழும்பில் இறக்குமதி, விநியோகக் கம்பனிகளில் பத்தொன்பது ஆண்டுகளாக ஒப்பந்தங்களைப் பார்க்கும் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில், நான் கண்டதையும் செய்த பிழையையும் வைத்தே பதில் சொல்கிறேன்.

ஒப்பந்தத்தை நன்றாக எழுதுவது சட்டத்தரணியின் வேலை. எழுதியதை நினைவில் வைத்திருந்து, நாள் தவறாமல் நிறைவேற்றி, மற்றத் தரப்பும் நிறைவேற்றுகிறதா என்று பார்த்து, இடையில் ஏதாவது மாறினால் அந்த மாற்றத்தையும் பதிந்து வைப்பது வணிகம் நடத்துபவரின் வேலை. இந்த இரண்டாவது வேலைக்குத்தான் ஒப்பந்த முகாமைத்துவம் என்று பெயர். அதை உங்கள் சட்டத்தரணி செய்து தரமாட்டார். நீங்கள் கேட்டாலொழிய அவருக்கு உங்கள் களஞ்சியசாலையில் என்ன நடக்கிறது என்பதே தெரியாது. பெரிய கம்பனிக்கு மட்டும் உரிய வேலை இது என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு தேதி தவறியதால் வரும் நட்டத்தைப் பெரிய கம்பனி அந்த ஆண்டின் கணக்கிலேயே தாங்கிக்கொள்ளும். பதினொரு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் கம்பனிக்கு அதே தொகை இரண்டு மாதச் சம்பளமாக இருக்கலாம்.

முதலில் என் கைப்பட்ட ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு நான் வேலை செய்த கம்பனி பேலியகொடைப் பக்கத்தில் ஒரு களஞ்சியசாலையை ஐந்து ஆண்டுக் குத்தகைக்கு எடுத்திருந்தது. நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு, ஒரு குறையும் இல்லாமல் எழுதப்பட்ட உறுதி, அதாவது சட்ட ஆவணம், அது. அதே வாடகையில் சிறு உயர்வோடு இன்னும் ஐந்து ஆண்டு புதுப்பிக்கும் உரிமையும் எங்களுக்கு இருந்தது. ஆனால் குத்தகை முடிவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பாகப் பதிவுத் தபாலில் அறிவித்தல் கொடுத்தால் மட்டுமே அந்த உரிமை செல்லும் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை அறிந்திருந்த நிர்வாக அதிகாரி வேலையை விட்டுப் போயிருந்தார். கோவை என் அலுமாரியில்தான் இருந்தது. நான் அதைத் திறந்தபோது குத்தகை முடிய ஏழு வாரங்களே இருந்தன. உரிமையாளர் புதிய வாடகை கேட்டார். அவர் கேட்டதில் தவறு எதுவும் இல்லை, உறுதி அவர் பக்கம் இருந்தது. உள்ளே நிறையச் சரக்கு. அதை ஏழு வாரத்தில் வேறிடத்துக்கு மாற்றும் செலவையும் புதிய வாடகையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, கேட்டதைக் கொடுத்தோம். அந்த ஐந்து ஆண்டு முழுவதும் ஒவ்வொரு மாதமும் அந்த வாடகைக் காசோலையைப் பார்க்கும்போதெல்லாம், நாட்காட்டியில் ஒரு வட்டம் போட்டிருந்தால் இந்தப் பணம் மிஞ்சியிருக்குமே என்ற நினைவு எனக்கு வந்தது. அந்த உறுதியை எழுதியவர் செய்ய வேண்டியது எதையும் விடவில்லை. எழுதியதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததுதான் குறை.

குத்தகையைப் பற்றிப் பேசும்போது, புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் நான் அடிக்கடி காணும் ஒரு பிழையையும் சொல்லிவிட வேண்டும். கடையை இரண்டு ஆண்டுக்கு, மூன்று ஆண்டுக்கு என்று பேசி, ஒரு தாளில் எழுதி, முத்திரை ஒட்டி, இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வார்கள். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டத்தின்படி, அசையாச் சொத்து தொடர்பான குத்தகை ஒரு மாதத்துக்கு மேற்பட்டதாக இருந்தால் அது நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு செய்யப்பட்டிருக்க வேண்டும். அப்படிச் செய்யாத தாளை நம்பிக் கடைக்குள் இலட்சக்கணக்கில் செலவழித்து அலுமாரி, விளக்கு, குளிரூட்டி எல்லாம் பூட்டியவர், பிணக்கு வரும்போது மூன்று ஆண்டு உரிமை உள்ளவராக அல்லாமல் வெறும் மாத வாடகைக்காரராகவே கருதப்படும் நிலைக்கு ஆளாகலாம். உங்கள் கடைக்கும் களஞ்சியசாலைக்கும் உள்ள ஆவணம் எந்த வகை என்பதை இந்த வாரமே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

மற்ற வணிக ஒப்பந்தங்களில் நிலைமை வேறு. இலங்கையில் ஒப்பந்தங்களுக்கு அடிப்படையாக இருப்பது உரோமன் டச்சுச் சட்டம். பொருள் விற்பனைக்கு ஆங்கிலச் சட்டத்தைத் தழுவிய 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டம் இருக்கிறது. பெரும்பாலான சரக்குக் கொடுக்கல் வாங்கல்களில் வாய்ச்சொல்லும் உங்களைக் கட்டும் என்பதை நினைவில் வையுங்கள். தந்தையார் தொலைபேசியில் “சரி, அறுபது நாள் எடுங்கோ” என்று சொன்னால், நாற்பத்தைந்து நாள் கடன் என்று எழுதிய ஒப்பந்தம் கோவைக்குள் இருந்தாலும், அந்த “சரி” என்ற சொல்லை மற்றவர் பிடித்துக்கொள்ள முடியும். அதே நேரத்தில், மற்றவர் உங்களுக்குச் சொன்ன “சரி” ஒன்றை நீங்கள் நிரூபிக்க வேண்டி வந்தால் கையில் எதுவும் இராது. அதனால் உங்கள் தொழிலில் உண்மையாக நடைமுறையில் இருப்பது கோவைக்குள் உள்ள ஒப்பந்தமா, அல்லது மூன்று ஆண்டுத் தொலைபேசிப் பேச்சுகளால் மாறிப்போன வேறொன்றா என்பது உங்களுக்கே தெரியாத நிலை உருவாகிறது. நான் பார்த்த பிணக்குகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியிலிருந்தே பிறந்தன. இரு தரப்பாரும் நேர்மையானவர்கள், இருவருக்கும் நினைவு வேறு வேறு, அவ்வளவுதான்.

எழுத்துக்கும் வாய்ச்சொல்லுக்கும் காலத்தைப் பொறுத்தும் பெரிய வேறுபாடு உண்டு. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச்சட்டத்தின்படி, எழுத்து ஒப்பந்தத்தின் மீது வழக்கிட ஆறு ஆண்டுகள் உண்டு. எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்துக்கு மூன்று ஆண்டுகள். விற்றுக் கொடுத்த சரக்கின் பணத்துக்கும் கடைக் கணக்குக் கடனுக்கும் ஒரே ஓர் ஆண்டு. பழைய வாடிக்கையாளர் தருவார், தருவார் என்று ஒன்றரை ஆண்டு காத்திருந்துவிட்டு, பிறகு சட்டத்தரணியிடம் இன்வொய்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். கடன்காரர் கையெழுத்திட்டு எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டாலோ ஒரு பகுதியைச் செலுத்தினாலோ காலம் மீண்டும் தொடங்க வழியுண்டு. ஆகவே ஆண்டு முடிவில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் மீதித் தொகையைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் அனுப்பி, அவர் கையெழுத்தோடு திருப்பி வாங்கிக் கோவையில் வைப்பது கணக்காளரின் சடங்கு அல்ல. உங்கள் பணத்தின் ஆயுளை நீட்டும் தாள் அது. உங்கள் சட்டத்தரணியிடம் கேட்டு, அந்தக் கடிதத்தின் வாசகத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, விலை. 2022 ஆம் ஆண்டில் கொழும்பில் வணிகம் செய்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை என்றாலும், நீங்கள் அப்போது படித்துக்கொண்டிருந்ததாக எழுதியிருப்பதால் சொல்கிறேன். அந்த ஆண்டு மார்ச் தொடக்கம் வரை ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. மார்ச் 7 ஆம் திகதி மத்திய வங்கி அந்தப் பிடியைத் தளர்த்தியது. மே மாதத்தில் அது 360 ரூபா அளவுக்கு வந்துவிட்டது. ஓர் ஆண்டுக்கு இந்த விலையில் தருகிறோம் என்று ரூபாவில் எழுதிக் கொடுத்திருந்த இறக்குமதியாளர்கள், டொலரில் வாங்கி ரூபாவில் விற்கும் ஒவ்வொரு கொள்கலனிலும் நட்டப்பட்டார்கள். ஒப்பந்தத்தில் தவிர்க்க முடியாத நிகழ்வு பற்றிய பிரிவு இருக்கிறதே என்று பலர் அதை நம்பினார்கள். அப்பிரிவு பொதுவாக ஒன்றை நிறைவேற்றவே இயலாமல் போகும் நிலையைப் பற்றிப் பேசுவது. நிறைவேற்றுவது செலவு கூடியதாகிவிட்டது என்பதற்கு அது தானாகக் கைகொடுக்காது. அதற்கு வேண்டியது, நாணய மாற்று வீதம் இத்தனை சதவீதத்துக்கு மேல் மாறினால் விலையைத் திருத்தலாம் என்று சொல்லும் தனிப் பிரிவு.

ஆனால் அந்தப் பிரிவு இருந்தவர்களும் எல்லோரும் தப்பவில்லை. எனக்குத் தெரிந்த ஓர் இறக்குமதியாளரின் ஒப்பந்தத்தில் அது தெளிவாகவே இருந்தது. வீதம் மாறிய பதினான்கு நாளுக்குள் எழுத்தில் அறிவித்தால் அடுத்த விநியோகத்திலிருந்து புதிய விலை என்று எழுதியிருந்தது. அவருடைய விற்பனைப் பிரிவு அந்த ஒப்பந்தத்தைப் படித்ததே இல்லை. அவர்கள் மே மாத இறுதியில் தொலைபேசியில் முறையிட்டார்கள். வாங்குபவர் அறிவித்தல் எங்கே என்று கேட்டார். கட்டிடத் துறையில் இருப்பவர்களுக்கு இது பழகிய பாடம். ஃபிடிக் என்ற சர்வதேசப் பொறியியல் ஆலோசகர் கூட்டமைப்பு வெளியிட்டு, உலகெங்கும் பயன்படும் 1999 ஆம் ஆண்டு ஒப்பந்தப் படிவத்தில், ஒப்பந்தக்காரர் தமக்கு மேலதிகக் காலமோ பணமோ உண்டு என்று கருதினால், அதற்குக் காரணமான நிகழ்வை அறிந்த 28 நாளுக்குள் அறிவிக்க வேண்டும், தவறினால் அந்த உரிமை போய்விடும் என்று இருக்கிறது. அதனால் அத்துறையில் நல்ல கம்பனிகள் அந்த நாட்களை எண்ணுவதற்கென்றே ஆள் வைத்திருக்கின்றன. சரக்கு வணிகத்தில் நாம் அந்தப் பழக்கத்தை இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.

பெறுமதி சேர் வரியும் இதே கதைதான். 2022 ஜூன் 1 ஆம் திகதி 8 சதவீதத்திலிருந்து 12 ஆகவும், அதே ஆண்டு செப்டெம்பரில் 15 ஆகவும், 2024 ஜனவரியில் 18 ஆகவும் உயர்ந்தது. விலை வரி உட்பட என்று எழுதியிருக்கிறதா, வரி நீங்கலாக என்று எழுதியிருக்கிறதா, வீதம் மாறினால் யார் ஏற்பது என்று சொல்லியிருக்கிறதா? இருபது மாதங்களுக்குள் மூன்று தடவை இந்தக் கேள்வி எழுந்தது. இதைப் பற்றி எதுவும் சொல்லாத ஒப்பந்தங்களில் பத்து சதவீத வேறுபாட்டை யார் சுமப்பது என்று பேசித் தீர்ப்பதற்குள் உறவே கசந்துபோன இடங்கள் உண்டு. நீங்கள் மெல்லிய இலாபத்தில் விற்பவர் என்றால், அந்தப் பத்து சதவீதம் உங்கள் முழு இலாபத்தையும் விழுங்கிவிடக்கூடும்.

இறக்குமதிப் பக்கத்தில் ஒரு விடயம் மட்டும். சி.ஐ.எப். விலையில், அதாவது பொருளின் விலையோடு காப்புறுதியும் கப்பல் கூலியும் சேர்ந்த விலையில், வாங்கும் பலர், கொழும்புத் துறைமுகம் வரை சரக்கின் பொறுப்பு விற்பவருடையது என்று நம்புகிறார்கள். சர்வதேச வர்த்தக சபையின் விதிகளின்படி விற்பவர் கப்பல் கூலியையும் காப்புறுதியையும் கட்டுகிறார். ஆனால் சரக்குக் கப்பலில் ஏறிய கணத்திலிருந்து இடர் உங்களுடையது. கடலில் நனைந்தால் நீங்கள் கேட்க வேண்டியது விற்பவரை அல்ல, காப்புறுதிக் கம்பனியை. அதற்கும் கால வரையறை உண்டு. பொருளின் தரத்தில் குறை இருந்தால், நியாயமான காலத்துக்குள் மறுப்புத் தெரிவிக்காமல் வைத்துக்கொண்டிருப்பவர் அதை ஏற்றுக்கொண்டவராகவே பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டத்தில் கருதப்படுவார். எனவே கொள்கலன் திறக்கும் நாளில் களஞ்சியப் பொறுப்பாளர் எடுக்கும் நிழற்படமும் எழுதும் குறிப்பும் ஒப்பந்தக் கோவைக்குள் வர வேண்டும். அவருடைய தொலைபேசிக்குள்ளேயே கிடக்கக்கூடாது.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனெனில் இது என்னை நீண்ட காலமாக வருத்தும் விடயம். கொழும்பில் வணிக ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகின்றன. செட்டியார் தெருவிலும் டாம் வீதியிலும் கணக்கில் புலிகளான எத்தனையோ பெரியவர்கள், தாங்கள் முழுமையாக வாசிக்க முடியாத மொழியில் கையெழுத்திடுகிறார்கள். கையெழுத்திட்டவர் உள்ளடக்கத்துக்குக் கட்டுப்பட்டவர் என்பதே நம் சட்டத்தின் பொதுவான நிலை. எனக்கு விளங்கவில்லை என்று பிறகு சொல்வது மிக அரிதாகவே எடுபடும். உங்கள் ஒவ்வொரு முக்கிய ஒப்பந்தத்துக்கும் ஒரு பக்கத்தில் தமிழ்ச் சுருக்கம் எழுதி வையுங்கள்: நாம் என்ன செய்ய வேண்டும், எப்போது, அவர்கள் என்ன செய்ய வேண்டும், எந்த நாளைத் தவறவிடக்கூடாது, எப்படி விலகலாம். அந்தப் பக்கத்துக்குச் சட்ட வலு இல்லை. ஆனால் தந்தையாரும், கடையில் நிற்பவரும், லொறி ஓட்டுபவரும் வாசிக்கப்போவது அதைத்தான்.

நடைமுறையில் எங்கே தொடங்குவது என்று கேட்டால், மென்பொருள் வாங்குவதிலிருந்து தொடங்க வேண்டாம் என்பேன். உங்களிடம் எத்தனை ஒப்பந்தம் இருக்கப்போகிறது? குத்தகைகள், வெளிநாட்டு வழங்குநர்கள், பெரிய வாடிக்கையாளர்கள், வங்கி வசதிகள், வங்கி உத்தரவாதங்கள், காப்புறுதி, போக்குவரத்து, இயந்திரப் பராமரிப்பு என்று எண்ணினால் நாற்பதைத் தாண்டாது. ஓர் எக்ஸெல் தாள் போதும். ஒவ்வொன்றுக்கும் முடியும் திகதி, அறிவித்தல் கொடுக்க வேண்டிய கடைசித் திகதி, விலை திருத்தும் நிபந்தனை, மூலப்பிரதி இருக்கும் இடம், பொறுப்பாளரின் பெயர் ஆகியவை இருந்தால் போதுமானது. இவற்றில் இரண்டாவதுதான் உயிர்நாடி. முடியும் திகதியை எல்லோரும் எழுதுவார்கள், அதற்கு முன்னால் ஒளிந்திருக்கும் அறிவித்தல் திகதியைத்தான் விட்டுவிடுவார்கள். மற்றவர் தவறினால் பணம் தருவதாக வங்கி எழுதிக் கொடுக்கும் உத்தரவாதங்களை இந்தத் தாளில் முதலில் ஏற்றுங்கள். யாராவது உங்களுக்குக் கொடுத்த உத்தரவாதம் காலாவதியான மறுநாள் அது வெறும் தாள்.

பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும், பெயரோடு. எல்லோருடைய பொறுப்பு என்றால் யாருடையதும் அல்ல. அவர் மாதத்தில் ஒரு நாள் காலையில் அந்தத் தாளை உங்களோடு உட்கார்ந்து பார்க்கட்டும். அரை மணிநேரம் பிடிக்கும். அவர் வேலையை விட்டுப் போகும்போது திறப்புக் கோர்வையைப் போல அந்தத் தாளையும் கையளித்துவிட்டுப் போக வேண்டும். பேலியகொடையில் எங்களுக்கு இல்லாமற்போனது இந்தக் கையளிப்புத்தான்.

பிணக்கு வந்தால் புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போகலாமே என்று நினைப்பீர்கள். போகலாம், 1995 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் முடிவு சொல்லும் நடுத்தீர்ப்புக்கும் போகலாம், ஒப்பந்தத்தில் அதற்கு இணங்கியிருந்தால். இரண்டிலும் முதலில் கேட்கப்படுவது ஒன்றே: எழுத்தில் என்ன இருக்கிறது? மின்னஞ்சலும் வட்ஸ்அப் செய்தியும் இலத்திரனியல் வடிவில் இருப்பதாலேயே செல்லாது என்று தள்ளப்படமாட்டா. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் அதற்கு இடம் தந்திருக்கிறது. காணி விற்பனை போன்ற சிலவற்றுக்கு அது பொருந்தாது. ஆனால் விற்பனைப் பிரதிநிதி தொலைபேசியைத் தொலைத்தாலோ, வேலை மாறினாலோ, அந்தச் செய்திகளும் அவரோடு போய்விடும். விலை, கடன் காலம், அளவு ஆகியவற்றைத் தொடும் செய்திகளைக் கம்பனியின் மின்னஞ்சலுக்கு அன்றே அனுப்பி வைக்கும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள்.

கடைசியாக, தந்தையாரின் தயக்கம். அதை நான் மதிக்கிறேன். புறக்கோட்டை வணிகம் வாய்ச்சொல்லின் மேல் எழுந்தது. ஒரு சொல்லுக்காக நட்டத்தைத் தாங்கிய பெரியவர்களை நானும் அறிவேன். ஆனால் அவருக்கும் அவருடைய வாடிக்கையாளருக்கும் இருந்த நம்பிக்கை, இருவருமே கடையில் உட்கார்ந்திருந்த காலத்தது. இப்போது அந்தப் பக்கம் மகனோ, சம்பளத்துக்கு வந்த கொள்முதல் அதிகாரியோ இருக்கிறார். இந்தப் பக்கம் நீங்கள் இருக்கிறீர்கள். பெரியவர்கள் இருவர் 2009 இல் தேநீர்க் கடையில் பேசியது உங்கள் இருவருக்கும் தெரியாது. அந்தப் பேச்சை எழுதி வைப்பது அவர்களுடைய சொல்லைக் காப்பாற்றுவதாகும் என்று தந்தையாரிடம் சொல்லிப் பாருங்கள்.

வாடிக்கையாளரிடம் புதிய ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்க வேண்டியதில்லை. தொலைபேசியில் பேசி முடித்த அன்று மாலையே, தந்தையாரின் பெயரிலேயே, இப்படி ஒரு சிறு கடிதம் போதும்: “ஐயா, இன்று காலை நாம் பேசியபடி, அடுத்த மாதம் முதல் தங்களுக்கான கடன் காலம் அறுபது நாள் என்றும், விலை வரி நீங்கலாக என்றும் எங்கள் கணக்கில் பதிந்துள்ளோம். இதில் ஏதும் பிழை இருந்தால் தயவுசெய்து இந்த வாரத்துக்குள் தெரிவிக்கவும்.” இதைப் பெற்று மனம் நொந்த வாடிக்கையாளர் ஒருவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை. பலர் அதன் கீழேயே “சரி” என்று எழுதி, கையெழுத்திட்டு, கடைப் பையனிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.